ஸ்டார் ட்ரெக்கும் உப்புக் குப்பியும்

1966 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' ஆரம்பமானது. முதலில் ஒளிபரப்பான கதை, உப்புக்காக மனிதர்களைக் கொல்லும் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியைப் பற்றியது. அதற்காக விதவிதமான, நவீன உப்புக் குப்பிகளை வாங்கினார்கள். ஆனால் பார்ப்பவர்களுக்கு அது உப்புக் குப்பி என்றே புரியாதே என்ற கவலை வந்துவிட்டது! எனவே கதையில் சாதாரணக் குப்பியே வந்தது. நவீனக் குப்பிகள் டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகளாகிவிட்டன.

ஆட்களை நொடியில் கிரகத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் பிறந்ததும் சிக்கனத்தால்தான். வாராவாரம் விண்கலம் தரையிறங்குவதைக் காட்டக் கட்டுப்படியாகவில்லை. தானாகத் திறக்கும் கதவு? மறைவில் நின்று ஆட்கள் இழுத்தார்கள்.

இந்தத் தொடர் செல்போனை முன்கூட்டியே காட்டியது என்பார்கள். மடக்கிப் பேசும் வடிவம் சரிதான். ஆனால் 1973-ல் மார்ட்டின் கூப்பர் பேசிய முதல் கைபேசி ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதற்கு டவர் வேண்டும், பேட்டரி வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும்.

கருவியின் தோற்றத்தைத் தொலைக்காட்சி நன்றாகவே ஊகிக்கிறது. கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆளையும், அவருக்கு ஆகும் செலவையும் மட்டும் காட்டுவதில்லை.