கூலியாக ஊற்றப்பட்ட மது: கேப் திராட்சைப் பண்ணைகளும் கருவிலிருந்த குழந்தைகளும்

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில், திராட்சைத் தோட்டக் கூலியாட்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதியை மதுவாகவே அளந்து கொடுக்கும் வழக்கம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நிலவியது. 'டொப்' முறை எனப்பட்ட இவ்வழக்கத்தின் கேடு குடித்தவரின் உடலோடு நின்றுவிடாமல், கர்ப்பிணிகளின் வயிற்றில் வளர்ந்த குழந்தைகளின் மூளைவரை சென்றது என்பதை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் மருத்துவ உலகம் முறையாக ஆராய்ந்து அறிந்தது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1652இல் கேப் முனையில் குடியேற்றத்தை நிறுவிய யான் வான் ரீபேக், 1658இல் அடிமைகளுக்கெனத் தொடங்கிய பள்ளியில், பாடத்திலும் வழிபாட்டிலும் அவர்களுக்கு நாட்டம் உண்டாகும் பொருட்டுப் பிராந்தியும் புகையிலையும் கொடுக்கச் செய்தார். மறு ஆண்டே அங்கு விளைந்த திராட்சையிலிருந்து முதல் மது பிழியப்பட்டது. அடிமைகள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து மட்டுமல்லாமல் வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகியவற்றிலிருந்தும் கொண்டுவரப்பட்டனர் என்பதால், தமிழ் வாசகர் இதை முற்றிலும் அயலார் கதையாக ஒதுக்கிவிட முடியாது. 1838இல் அடிமைகள் முழு விடுதலை பெற்ற பின்னும் மதுக்கூலி ஒழியவில்லை. விலைபோகாத மட்டரக மதுவைக் காலை தொடங்கி நாளில் பலமுறை ஊற்றிக் கொடுப்பது பண்ணையாருக்குச் செலவைக் குறைத்ததோடு, குடிக்கு அடிமையாகிவிட்ட தொழிலாளி வேறிடம் தேடிப் போகாதபடி கட்டிப்போடவும் உதவியது. 1960களின் தொடக்கத்தில் சட்டம் இதைத் தடைசெய்தபோதும், 1990களிலும் சில பண்ணைகளில் இது நீடித்தது. அது நின்ற இடங்களிலும் மலிவு மதுவும் வார இறுதியில் மிகுதியாகக் குடிக்கும் பழக்கமும் தங்கிவிட்டன.

தாய் அருந்தும் மது நச்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து கருவின் குருதியில் கலக்கிறது. அதைச் சிதைக்கும் திறன் கருவின் கல்லீரலுக்கு இன்னும் வந்திராது. பிரான்சின் நான்த் நகர மருத்துவர் பால் லெமுவான் 1968இல், குடிப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளை ஆராய்ந்து இக்கேட்டை விவரித்தார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்களான கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் இதற்குக் 'கருநிலை மது நோய்க்குறித் தொகுதி' என்று பொருள்படும் பெயரை வழங்கினர். குன்றிய வளர்ச்சி, சிறுத்த கண் திறப்பு, மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலான பள்ளம் மழுங்கியிருத்தல் ஆகியவை இதன் புற அடையாளங்கள். இவற்றினும் கொடியது, கற்கவும் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ளவும் தடையாக வாழ்நாள் முழுதும் நிற்கும் மூளைச் சேதம். அதை நீக்கும் மருந்து எதுவும் இல்லை.

மேற்குக் கேப்பின் திராட்சை விளையும் ஊர் ஒன்றில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஆயிரம் பேரில் 40க்கும் மேற்பட்டோருக்கு இப்பாதிப்பு இருப்பதாகக் கண்டது. அதுவரை உலகில் எங்கும் பதிவாகாத அளவு அது. போதிய உணவின்றி மெலிந்த உடலில் அதே அளவு மது கூடுதல் தீங்கு செய்யும் என்பதால், இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் மதுவோடு வறுமையும் இருந்தது.

தடுப்புப் பணிக்கென 1997இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை, வடக்குக் கேப்பிலுள்ள தே ஆர் நகரில் ஊர் முழுதும் விழிப்புணர்வூட்டியும் சுகாதாரக் கல்வி அளித்தும் பணியாற்றியது. அதன் பின் பிறந்த குழந்தைகளிடையே பாதிப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. கர்ப்ப காலத்தில் தீங்கில்லாத மது அளவு என ஒன்று அறியப்படவில்லை. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு நன்மையே. பல பெண்கள் கருவுற்றதை அறியுமுன்பே சில வாரங்கள் கடந்துவிடுவதால், கருவுறும் வாய்ப்புள்ள காலத்திலேயே மதுவை விலக்குவதும், விலக்க இயலாத பெண்ணுக்குக் கருத்தடை வசதியும் பரிவான சிகிச்சையும் கிடைக்கச் செய்வதும் தடுப்பின் இன்றியமையாத பகுதிகள். தலைமுறை தலைமுறையாக மதுவையே கூலியாகப் பெற்ற குடும்பத்தில் பிறந்த பெண்ணை மட்டும் குற்றவாளியாக்குவது அநீதி. அந்த மதுவை ஊற்றிய தொழிலும் அதை நெடுங்காலம் கண்டும் காணாதிருந்த அரசும் இத்தடுப்புப் பணியின் பொறுப்பை முதலில் ஏற்க வேண்டும்.