ஜினாலய ஓவியங்களும் கலை வரலாற்றுக் கல்வியும்

பழவேற்காடு ஏரியை அடுத்த மீனவர் ஊர்களுள் சுண்ணாம்புக்குளமும் ஒன்று. சுண்ணாம்பைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. அந்த ஏரியில் படிந்த கிளிஞ்சல்கள் சுண்ணாம்புக்காக எடுக்கப்பட்டு வந்தன. கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டு நீர் தெளித்தால் அது நீறாகிறது. சாந்தாகக் குழைத்துப் பூசினால் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கல்லென இறுகுகிறது. தமிழகத்தின் பழஞ்சுவரோவியங்கள் இன்றளவும் நிற்பது இத்தகைய சுண்ணச் சாந்தின் மேல்தான். பல கோயில்களில் ஓவியங்களை மறைத்ததும் அதே சுண்ணாம்புதான். விழாவுக்கு வெள்ளையடித்தோரிடம் பக்திக்குக் குறைவில்லை; சுவரில் இருப்பது இன்னதென்று எடுத்துரைப்பார்தாம் அருகில் இல்லை.

அவ்வாறு எடுத்துரைக்கும் தகுதியைத் தருவது கலை வரலாற்றுக் கல்வி. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயில் இதற்குச் சான்று. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. விதானத்தில் தாமரைத் தடாகமும் மீன்களும் யானைகளும் மலர் கொய்வோரும் காணப்படுகின்றனர். பயிலாத கண்ணுக்கு அது அழகிய குளம். ஆகமமும் உருவவியலும் அறிந்த ஆய்வாளர் அதைச் சமவசரணத்துக் காதிகா பூமி என்று கண்டனர். பவ்வியர் இறங்கி மலர் பறிக்கும் அந்தக் காட்சி, அதன்பின்தான் தன் முழுப்பொருளுடன் விளங்கிற்று.

இத்துறையில் தமிழகத்துக்கு நல்ல மரபு உண்டு. 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன் சித்தன்னவாசல், தஞ்சை ஆகிய இடங்களின் சாந்தையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். 1931இல் தஞ்சைப் பெரியகோயிலில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தின் கோயில்களையும் ஓவியங்களையும் பற்றி டி.என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1934இல் அவ்வருங்காட்சியக வெளியீடாக வந்தது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில், பின்னாளில் தீட்டப்பட்ட ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளை அந்நூல் காட்சி காட்சியாக விளக்குகிறது. சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சி. சிவராமமூர்த்தி பின்னர்த் தில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். தென்னிந்திய ஜைனக் கலை பற்றிப் பெருநூல் ஒன்றும் எழுதினார்.

இன்று பயில விரும்புவோர்க்கு வழிகள் பல. 1949இல் தோன்றிய பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம், 1981இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1989இல் தில்லியில் தொடங்கிக் கலை வரலாறு, அருங்காட்சியகவியல், பாதுகாப்பியல் மூன்றையும் கற்பித்த தேசிய அருங்காட்சியக நிறுவனம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கற்றோர் அருங்காட்சியகக் காப்பாட்சியராகலாம். தொல்லியல் துறையிலும் கல்வெட்டுப் பிரிவிலும் சேரலாம். ஓவியப் பாதுகாப்பு வல்லுநராகவோ பேராசிரியராகவோ விளங்கலாம். பணியிடங்கள் பொறியியல் துறையைப் போல மலிந்தவை அல்ல. முதுகலைப் பட்டமும், வடமொழி, பிராகிருதம், பழந்தமிழ் எழுத்து ஆகியவற்றில் பயிற்சியும், நெடிய பொறுமையும் வேண்டும்.

தமிழ்ச் சமணர் இல்லத்துப் பிள்ளைக்கு இவற்றுள் ஒரு பகுதி வீட்டிலேயே கிடைக்கிறது. ஸ்ரீபுராணக் கதைகளைப் பாட்டியின் வாய்மொழியாகக் கேட்ட பிள்ளைக்கு இலாஞ்சனம் கண்டு தீர்த்தங்கரரை அறிவது எளிது. மற்றவர் அதை நூல்களில் தேடிக் கற்க வேண்டியிருக்கிறது. ஊர்தோறும் ஜினாலயங்கள் திருப்பணியை எதிர்நோக்கி நிற்கின்றன. பூச்சு வேலை தொடங்குமுன் சுவரைப் பார்த்து, "பொறுங்கள், இதன்கீழ் ஓவியம் இருக்கக்கூடும்" என்று சொல்லத்தக்க ஒருவர் ஒவ்வொரு திருப்பணிக் குழுவிலும் இருத்தல் வேண்டும். அவர் நம் குடும்பங்களிலிருந்தே வருவாராயின், முன்னோர் செய்த அறத்துக்கு அதுவே தக்க கைம்மாறாகும்.