சராய்காட்டும் போகிபீலும்: பிரம்மபுத்திராவின் இரண்டு பாலங்கள்

1671-இல் லாச்சித் பர்ஃபூக்கன் தலைமையில் அசாமின் அஹோம் அரசுப் படகுகள் முகலாயப் படையை மறித்து முறியடித்த இடம் சராய்காட். குவஹாத்திக்கு அருகே குன்றுகள் நெருக்க, பிரம்மபுத்திரா அங்கே ஒடுங்கி ஓடுகிறது. அன்று போருக்குக் கைகொடுத்த அந்த ஒடுக்கம்தான் ஏறத்தாழ 290 ஆண்டுகள் கழித்துப் பாலத்துக்கும் இடம் காட்டியது. மேலே சாலை, கீழே ரயில் என ஈரடுக்காக, சுமார் 1.5 கி.மீ. நீளத்தில் எழுந்த சராய்காட் பாலம், இந்தியாவில் பிரம்மபுத்திராவைக் கடந்த முதல் பாலம்.

அதே ஆற்றில் வெகுதொலைவு கிழக்கே, திப்ருகரையும் தேமாஜியையும் இணைக்கும் போகிபீல் பாலமும் ஈரடுக்குதான். மேலே மூன்று தடச் சாலை, கீழே இரட்டை அகல ரயில்பாதை, நீளம் 4.94 கி.மீ. ஆனால் இங்கே துணைக்கு வரக் குன்றுகள் இல்லை. 1950-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மலைகள் சரிந்து வந்த மண் ஆற்றுப்படுகையை உயர்த்தியது. அதன்பின் திப்ருகர் நகரத்தின் ஒரு பகுதியையே வெள்ளம் அரித்துச் சென்றது. கிளை கிளையாகப் பிரிந்து, ஆண்டுதோறும் தடம் மாற்றும் இந்த ஆற்றை முதலில் நீண்ட தடுப்புக் கரைகள் கட்டிக் குறுக்கினார்கள். பிறகே பாலம் கட்ட முடிந்தது. சராய்காட்டில் இயற்கை தந்த கரையை, போகிபீலில் மனிதர்களே உண்டாக்க வேண்டியிருந்தது.

இரும்பிலும் இரண்டு காலங்கள் தெரிகின்றன. சராய்காட்டின் சட்டங்கள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. போகிபீலின் உத்திரங்களோ முழுவதும் வெல்டிங் செய்யப்பட்டவை. இந்தியாவில் இவ்வளவு பெரிய பாலத்தில் இது புதிய முயற்சி.

பெரிய வேறுபாடு காலக்கணக்கில்தான் இருக்கிறது. சராய்காட்டுக்கு 1960 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார். 1962 செப்டம்பரில் முதல் ரயில் எஞ்சின் கடந்தது. 1963 ஜூனில் நேருவே பாலத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். போகிபீலுக்கு 1997 ஜனவரியில் தேவகவுடா அடிக்கல் நாட்டினார். வாஜ்பாய் பணியைத் தொடங்கிவைத்தது 2002-இல். தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்டது 2007-இல். பாலம் திறந்தது 2018 டிசம்பர் 25 அன்று. மழைக்காலம் போக எஞ்சும் சில மாதங்களில்தான் ஆற்றுக்குள் வேலை செய்ய முடியும் என்பது உண்மை. நீளமும் மூன்று மடங்குக்கு மேல். ஆனாலும் அடிக்கல்லுக்கும் வேலைக்கும் இடையே கழிந்த 5 ஆண்டுகளுக்கு ஆற்றைக் குறை சொல்ல முடியாது.

இந்த வேகத்தையும் தாமதத்தையும் புரிந்துகொள்ள, பாலங்கள் யாருக்காக எழுந்தன என்று பார்க்க வேண்டும். சராய்காட்டுக்கு முன் ரயில் வடகரையின் அமின்காவில் நின்றுவிடும். பயணிகளும் சரக்கும் படகேறித் தென்கரைப் பாண்டுவில் மறுபடி ரயிலேற வேண்டும். தேசப் பிரிவினைக்குப் பின் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து அசாமுக்குச் செல்லும் வழியே குறுகிப்போயிருந்த காலம் அது. டில்லிக்கு அவசரம் தெரிந்தது, பாலம் வந்தது.

தேமாஜியின் தேவையோ அக்கம்பக்கத்துத் தேவை. அக்கரையில், திப்ருகரில், அசாம் மருத்துவக் கல்லூரி இருந்தும், நோயாளியை ஏற்றிச் செல்லப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளம் பெருகினால் படகும் ஓடாது. அந்தக் காத்திருப்பு டில்லி வரை கேட்க நெடுங்காலம் ஆனது.

ஒரு பாலத்தின் பெருமையை நீளத்தைக் கொண்டு அளப்பது எளிது. போகிபீல் அந்த அளவில் வென்றுவிட்டது. எனக்கோ சராய்காட்டின் அந்த மூன்றாண்டு வேகம்தான் பெரிதாகப் படுகிறது. நாட்டுக்காகக் காட்டிய அந்த வேகத்தைத் தேமாஜியின் நோயாளிக்காகவும் காட்டியிருக்க வேண்டும்.