சிற்றறையும் பரணும்: கணிப்பொறி நினைவகத்தின் வரலாறு

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தோர் முதலிற் கற்றுக்கொள்ளும் கலை, இருக்கும் இடத்தைப் பங்கிட்டு வாழும் கலையாகும். மும்பையின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், பிற நகரங்களின் நெருக்கமான தெருக்களிலும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாகக் குடித்தனம் தொடங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை நாம் அறிவோம். அத்தகைய வீடுகளில் பரண் ஒன்று இருக்கும். அன்றாடம் வேண்டிய அடுப்பும் குடமும் பாயும் கீழே இருக்கும். கொலுப் பொம்மைகளும், விருந்துக்கு வேண்டிய பெரிய உருளியும், ஊரிலிருந்து கொணர்ந்த பித்தளைப் பாத்திரங்களும் பரண்மேல் இருக்கும். நவராத்திரி வந்தால் பொம்மைப் பெட்டி கீழே இறங்கும். அதற்கு இடம் தருவதற்காக வேறொரு பெட்டி மேலே ஏறும். அறை சிறிதாயினும் குடித்தனம் குறைவின்றி நடைபெறும்.

நம் மேசைமீதுள்ள கணிப்பொறியினுள்ளும் இதே ஏற்பாடு நடைபெறுகின்றது. அதன் விரைவு நினைவகம் சிற்றறை; வன்தட்டு பரண். சிற்றறையில் இடம் போதாதபோது, உடனே வேண்டாதவற்றைப் பரணுக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கிக்கொள்ளும் முறைக்கு மெய்நிகர் நினைவகம் என்று பெயர். உள்ளபடியே இல்லாத பெரிய இடத்தை உள்ளதுபோலப் பயன்படச் செய்வதனால் இப்பெயர் பெற்றது. இம்முறையைப் பற்றிய அமைப்புகளை இன்று பலர் தம் கணிப்பொறியில் மாற்றிப் பார்க்கின்றனர். சிலர் நன்மை அடைகின்றனர், பலர் தொல்லை அடைகின்றனர். இது ஏன் பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்னும் வரலாற்றை அறிந்தால், எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம் என்பது தானே விளங்கும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், தன் நினைவகத்திலேயே நிரலைத் தாங்கிய மின்னணுக் கணிப்பொறி முதன்முதலாக இயங்கியது. அதன் நினைவகம் 32 சொற்களே கொண்டது. இங்குச் சொல் என்பது ஒரே மூச்சில் கையாளப்படும் எண்களின் தொகுதி. அதில் ஓடிய முதல் நிரலை எழுதியவர் டாம் கில்பர்ன் என்னும் பொறியியலறிஞர். அடுத்த ஆண்டே அங்கு அமைந்த பெரிய பொறியில், விரைவு நினைவகத்தோடு, காந்தப் பூச்சுடைய சுழலும் உருளை ஒன்றும் சேர்க்கப்பட்டது. உருளை மலிவு, கொள்ளளவு மிகுதி, ஆனால் மெதுவானது. விரைவு நினைவகமோ விலை மிகுந்தது, கொள்ளளவு சிறிது. அறையும் பரணும் என்னும் இரட்டை அமைப்பு இவ்வாறு தோன்றியது.

ஆனால் அந்நாளில் பரணுக்கு ஏற்றுவதும் இறக்குவதும் மனிதனின் வேலையாகவே இருந்தது. நிரல் எழுதுவோர் தம் நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, எத்துண்டு எப்போது உருளையிலிருந்து வரவேண்டும், எதன்மேல் அமரவேண்டும் என்பதையெல்லாம் தாமே கணக்கிட்டு எழுதினர். கணக்கு ஒன்றைத் தீர்க்க எடுத்த காலத்தைக் காட்டிலும், அதனை நினைவகத்தில் அடக்க எடுத்த காலம் மிகுந்து நின்றதும் உண்டு.

நம் நாட்டிலும் இந்நெருக்கடி உணரப்பட்டதே. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வடிவமைத்துக் கட்டிய ‘டிஃப்ராக்’ என்னும் கணிப்பொறி 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962இல் பண்டித நேரு அதற்கு அப்பெயரைச் சூட்டினார். அதன் நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. இன்று கையடக்கத் தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் சிறு மூலைக்குக்கூட அது போதாது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ரங்கசாமி நரசிம்மன் சென்னையிற் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவில் ஆய்வு முடித்து, 1954இல் மும்பைக்கு வந்து சேர்ந்தவர். தொழில் நாடி வெளிமாநிலம் வந்த தமிழர் வரிசையில் அவரும் ஒருவர் என்பதை நினைக்கும்போது நமக்கு ஒரு நிறைவு உண்டாகின்றது.

ஏற்றி இறக்கும் இவ்வேலையைப் பொறியே செய்துகொள்ளலாகாதா என்னும் வினா 1950களின் பிற்பகுதியில் எழுந்தது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஃபிரிட்ஸ் ருடால்ஃப் குன்ட்ஷ் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இக்கருத்தின் வித்தை இட்டார். அதனைச் செயலில் நிறைவேற்றிக் காட்டியது கில்பர்னும் அவர்தம் தோழர்களும் ஃபெர்ராண்டி நிறுவனத்தாரோடு சேர்ந்து கட்டிய அட்லஸ் என்னும் பொறி. 1962ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அது மான்செஸ்டரில் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது.

அட்லஸின் ஏற்பாட்டைச் சற்று நின்று நோக்குவோம். ஏனெனில் இன்று நம் மேசைமீதுள்ள பொறியும் அவ்வழியே செல்கின்றது. அதன் விரைவு நினைவகம் 16,384 சொற்கள். உருளைகளின் கொள்ளளவு 98,304 சொற்கள். இரண்டும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வகுக்கப்பட்டன. ஆகவே விரைவு நினைவகத்தில் 32 பக்கங்களுக்கே இடம் உண்டு. நிரல் எழுதுவோர்க்கு இக்கணக்கு எதுவும் தெரியவேண்டுவதில்லை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்கு முகவரி இருப்பதாகக் கொண்டு அவர்கள் எழுதலாம். ஒரு முகவரி கேட்கப்பட்டதும், அப்பக்கம் அறையில் உள்ளதா என்று 32 பதிவேடுகளும் ஒருசேர நோக்கும். இருந்தால் வேலை தொடரும். இல்லையேல் வேலை ஒரு கணம் நிற்கும். மேற்பார்வை நிரல் விழித்தெழுந்து, உருளையிலிருந்து அப்பக்கத்தை இறக்கித் தரும். நின்ற இடத்திலிருந்தே வேலை மீண்டும் தொடங்கும்.

இதில் இரண்டு நுட்பங்கள் நம் வீட்டு வழக்கத்தை நினைவூட்டுவன. முதலாவது, எதிர்பாராது வரும் விருந்தினர்க்கு ஓரிடம் ஒழித்து வைப்பதுபோல், ஒரு பக்கத்துக்கான இடம் எப்போதும் காலியாக வைக்கப்பட்டது. வருவதை உடனே இருத்திவிட்டு, பிறகு ஆற அமர வேறொன்றை வெளியேற்றலாம். இரண்டாவது, எதை வெளியேற்றுவது என்பதைப் பொறி தன் பட்டறிவால் தீர்மானித்தது. எப்பக்கம் எவ்வளவு காலமாகத் தொடப்படவில்லை, முன்பு எவ்வளவு இடைவெளி விட்டு மீண்டும் தேவைப்பட்டது என்பனவற்றைக் குறித்து வைத்து, நெடுங்காலம் வேண்டப்படாது என்று தோன்றுவதை மேலே அனுப்பிற்று. வீட்டுப் பெரியவள், “இது இனித் தீபாவளிக்குத்தான் வேண்டும்” என்று சொல்லிப் பெட்டியைப் பரணுக்கு ஏற்றுவது போன்றதே இதுவும்.

இப்புதுமை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. கையால் நிரலைப் பங்கிட்டுப் பழகிய வல்லுநர்கள், தம் அறிவுக்கு ஈடாக ஒரு பொறி தீர்மானிக்க முடியுமா என்று ஐயுற்றனர். 1966இல் லாஸ்லோ பெலாடி என்னும் ஆய்வாளர், எதை வெளியேற்றுவது என்பதற்குரிய பல விதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். எதிர்காலத்தில் மிக நெடுநேரம் கழித்து வேண்டப்படுவதையே வெளியேற்றுவது தலைசிறந்த விதி. எதிர்காலம் அறிதல் எவர்க்கும் இயலாதாயினும், பிற விதிகளை அளக்கும் கோலாக அது நின்றது. 1969இல் டேவிட் சேயர் என்பவர், மனிதர் கையால் பங்கிட்ட நிரலையும் பொறி தானே பங்கிட்டதையும் ஒப்பிட்டு, நன்கு அமைந்த பொறிமுறை மனிதனின் கைவேலைக்குத் தாழ்ந்ததன்று என்று காட்டினார். வழக்கு ஒருவாறு முடிவுற்றது.

இருப்பினும் ஒரு பெரும் நோய் வெளிப்பட்டது. ஒரே பொறியில் பல வேலைகளைச் சேர்த்து ஓட்டும்போது, ஓரெல்லை வரை வேகம் கூடியது. எல்லை கடந்ததும் வேகம் திடீரென்று வீழ்ந்தது. ஒவ்வொரு வேலையும் மற்றதன் பக்கங்களை வெளியே தள்ளித் தன் பக்கங்களை இழுத்துக்கொண்டது. தள்ளப்பட்டது அடுத்த கணமே திரும்பி வந்தது. பொறி முழுநேரமும் ஏற்றி இறக்குவதிலேயே கழித்தது. உருப்படியான வேலை ஒன்றும் நடைபெறவில்லை. இதனை ‘த்ராஷிங்’ என்பர். வீண் அலைச்சல் என்று நாம் சொல்லலாம். பீட்டர் டென்னிங் என்னும் இளம் ஆய்வாளர் 1968இல் இதன் காரணத்தையும் மருந்தையும் எழுதினார். ஒவ்வொரு வேலைக்கும் அண்மைக் காலத்தில் அது தொட்ட பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு. அத்தொகுதி முழுதும் அறையில் அடங்கினாலன்றி அவ்வேலையைத் தொடங்கலாகாது என்பது அவர் கருத்து. நான்கு பேருக்கே இடமுள்ள அறையில் பதின்மரை அமர்த்திப் பந்தி நடத்தினால், எவரும் உண்ண இயலாது அன்றோ?

அதன்பின் பரவல் விரைந்தது. பரோஸ் நிறுவனத்தின் பி 5000 என்னும் பொறி 1961லேயே, பக்கங்களுக்கு மாறாக, அளவு வேறுபடும் பகுதிகளைக் கொண்டு இம்முறையை வணிகத்துக்குக் கொணர்ந்திருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1972 ஆகஸ்டில் தன் 370 வரிசைப் பொறிகளுக்கு இதனை அறிவித்தது. 1977இல் வந்த வாக்ஸ் பொறி, தன் பெயரிலேயே மெய்நிகர் முகவரி என்னும் பொருளைத் தாங்கியது. 1985இல் இன்டெல் நிறுவனத்தின் 80386 செயலி, 4,096 பைட்டு கொண்ட பக்கங்களோடு, தனியார் மேசைக் கணிப்பொறிக்கும் இவ்வசதியைக் கொண்டுவந்தது. 1990இல் விண்டோஸ் 3.0 அதனைப் பயன்படுத்திற்று. நிலையான இடமாற்றுக் கோப்பு வேண்டுமா, தற்காலிகமானது வேண்டுமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அப்போது பயனரிடம் வந்தது. 1995இல் விண்டோஸ் 95, தேவைக்கேற்ப அக்கோப்பைத் தானே பெருக்கவும் சுருக்கவும் கற்றது.

பொறுப்பு பயனரிடம் வந்தபோதே வாய்மொழி விதிகளும் வந்தன. நினைவகத்தைப் போல ஒன்றரை மடங்கு பக்கக் கோப்பு வை என்றனர் சிலர். இரு மடங்கு என்றனர் வேறு சிலர். முற்றும் நிறுத்திவிடு, பொறி பறக்கும் என்றனர் இன்னும் சிலர். நாமும் ஒருகால் கடைசி அறிவுரையைக் கேட்டோம். பழுதுபார்க்க வந்த அன்பர் ஒருவர் சொற்படி பக்கக் கோப்பை நிறுத்தினோம். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரைப் பக்கம் கோத்துக்கொண்டிருந்த மாலையில், நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு நிரல் மூடிக்கொண்டது. சேமிக்காத பன்னிரண்டு பக்கங்கள் போயின. பரணை இடித்துவிட்டு அறை விசாலமாயிற்று என்று மகிழ்ந்த கதை நம்முடையது.

காரணம் எளிது. விண்டோஸ், தன் நிரல்களுக்கு வாக்களிக்கக்கூடிய இடத்தின் உச்ச எல்லை, நினைவகமும் பக்கக் கோப்பும் சேர்ந்த அளவாகும். கோப்பை நீக்கினால் அவ்வெல்லை சுருங்கும். பிறகு அறையில் ஓரளவு இடம் மீந்திருப்பினும் புது வேண்டுகோள் மறுக்கப்படலாம். மேலும் பொறி நிலைகுலைந்து நிற்கும்போது, அதன் காரணத்தைக் குறித்து வைக்கவும் அக்கோப்பு வேண்டும்.

மடங்கு விதியும் இன்று பொருந்துவதன்று. ஒருவருடைய வேலைக்கு உச்சத்தில் 7 ஜிகாபைட் வேண்டும் என்று கொள்வோம். 4 ஜிகாபைட் நினைவகம் உடையவர்க்குப் பரண் இன்றியமையாதது. 16 ஜிகாபைட் உடையவர்க்கோ அது சிறிதளவே போதும். ஒன்றரை மடங்கு விதியோ முன்னவர்க்கு 6 ஜிகாபைட்டும், பின்னவர்க்கு 24 ஜிகாபைட்டும் வகுக்கும்; அறை பெரிதாக ஆக, பரணையும் பெரிதாக்கச் சொல்லும். தேவைக்கும் விதிக்கும் தொடர்பில்லை.

பரணின் தொலைவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அட்லஸில் உருளையைத் தொடுவது விரைவு நினைவகத்தைத் தொடுவதைவிட ஏறக்குறைய 3,000 மடங்கு மெதுவு. பின்னாளில் நினைவகம் விரைந்து முன்னேற, சுழலும் வன்தட்டு பின்தங்கியது. இடைவெளி ஓரிலட்சம் மடங்கு அளவுக்குச் சென்றது. சுழலாத திண்மநிலைத் தட்டு வந்தபின் அது மீண்டும் ஆயிரம் மடங்கு என்னும் அளவுக்குக் குறைந்தது. ஆதலின் பழைய பொறியில் அமைப்புகளை மாற்றிப் பெறும் பயனைக் காட்டிலும், தட்டை மாற்றியோ நினைவகத்தைக் கூட்டியோ பெறும் பயன் பன்மடங்கு பெரிது.

எனவே நாம் கூறக்கூடியது சிலவே. விண்டோஸில் ‘சிஸ்டம்’ பகுதியின் ‘அட்வான்ஸ்டு’ அமைப்புகளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைத் திறந்தால் ‘விர்ச்சுவல் மெமரி’ என்னும் பலகம் தோன்றும். அங்குப் பொறியே அளவைத் தீர்மானிக்கட்டும் என்னும் குறி இருப்பின், தக்க காரணமின்றி அதனை மாற்றவேண்டா. முதல் தட்டில் இடம் நிறைந்துவிட்டால், விரைவான வேறொரு தட்டுக்குக் கோப்பை மாற்றலாம். நாமே அளவு குறிப்பதாயின், எல்லா நிரல்களும் திறந்துள்ள நெரிசல் நேரத்தில் தேவையை நோக்கி, அதற்கு மேலாகவே குறிக்கவேண்டும். பொறி ஓயாமல் தட்டைத் தொட்டுக்கொண்டே திணறுமாயின், அது டென்னிங் கண்ட வீண் அலைச்சல். கோப்பைப் பெருக்குவதால் அது தீராது. திறந்துள்ள நிரல்களைக் குறைப்பதும், நினைவகத்தைக் கூட்டுவதுமே மருந்து.

மான்செஸ்டரின் அட்லஸ் 1971இல் ஓய்வு பெற்றது. அதன் வழிமுறையோ ஓய்வு பெறவில்லை. அண்மையில் வேண்டியதை அருகில் வை. வேண்டாததை எறிந்துவிடாதே, எடுக்கும் வழி தெரிந்து மேலே வை. வருவதற்கு ஓரிடம் ஒழித்து வை. இம்மூன்றே அதன் சாரம். ஊர்விட்டு வந்து சிற்றறைகளில் வாழ்ந்த நம் முன்னோர் இவற்றைப் பொறியின் துணையின்றியே அறிந்திருந்தனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொலுப் பெட்டி கீழே இறங்கிய வீடுகளில், பிள்ளைகள் ஒவ்வொரு பொம்மையையும் அதன் பெயர் சொல்லி எடுத்துப் படியில் வைத்தனர்.