கறுப்பு மஞ்சள், பிறகு வெள்ளை

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்றொரு ஊர். அங்குள்ள ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் வெள்ளை நிறத்தில், கரும்பச்சை ஓரங்களோடு, கூரை மடக்கும் கார் ஒன்று நிற்கிறது. கார் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்று டன்னுக்கு மேல் எடை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலேயே 4.3 மீட்டர். பானெட்டின் நுனியில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் ஒரு யானை. புகாட்டி டைப் 41, பிரபலமான பெயர் 'ராயல்'. அந்த முத்து வெண்மையைப் பார்ப்பவர்கள் 1930களின் செல்வச் செழிப்பு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் 1932இல் இந்தக் கார் தெருவுக்கு வந்தபோது அதன் நிறம் கறுப்பும் மஞ்சளும். வெள்ளை அடித்தவர் பதினைந்து வருடம் கழித்து வந்த ஒரு ப்யூக் என்ஜினியர்.

பழைய கார்களை மீட்டெடுப்பது பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வெள்ளைதான் ஞாபகத்துக்கு வரும். மீட்டெடுத்தல் என்றால் எந்த நாளுக்கு மீட்பது?

முதலில் ராயலின் கதை. அல்சாஸில் உள்ள மோல்ஷைமில் பந்தயக் கார்கள் செய்துகொண்டிருந்த எட்டோரே புகாட்டிக்கு ராஜாக்களுக்கென்றே ஒரு கார் செய்ய வேண்டும் என்று ஆசை. இருபத்தைந்து செய்வதாகத் திட்டம். 1926இல் முதல் மாதிரி வந்தது, 14.7 லிட்டர் என்ஜினோடு. அதைக் கொஞ்சம் குறைத்து 12.7 லிட்டரில் நிறுத்தினார்கள். 'குறைத்து' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இன்று நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார் ஒன்றின் முழு என்ஜினைவிட, ராயலின் எட்டு சிலிண்டர்களில் ஒரேயொரு சிலிண்டர் பெரியது. பானெட் யானை எட்டோரேயின் தம்பி ரெம்பிராண்ட் புகாட்டி செய்த சிற்பம். மிருகங்களைச் செதுக்குவதில் பெரிய கலைஞன், 1916இல் தற்கொலை செய்துகொண்டவன். அண்ணன் தன் மிகப் பெரிய காரின் நெற்றியில் தம்பியை வைத்தார்.

ராஜாக்கள் வரவில்லை. 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. எட்டோரே நம்பியிருந்த ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ 1931இல் நாட்டைவிட்டே வெளியேறினார். மொத்தம் ஆறு கார்கள்தான் இன்று மிச்சம். அதிலும் அந்தக் காலத்தில் வெளியாட்கள் காசு கொடுத்து வாங்கியது மூன்றே மூன்று. மிச்சமாகிப்போன என்ஜின்களை என்ன பண்ணுவது? ரயில் பெட்டிக்குள் வைத்தார் எட்டோரே. ராஜாக்களுக்காக வார்த்த என்ஜின் 1933 முதல் பிரெஞ்சுத் தண்டவாளங்களில் சாதாரணப் பயணிகளை இழுத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. விற்காத சரக்குக்கு இவ்வளவு அழகான மாற்று வழி கண்டவர்கள் வியாபார வரலாற்றில் குறைவு.

வாங்கிய மூவரில் ஒருவர் ஆர்மான்ட் எஸ்டெர்ஸ், ஆயத்த ஆடைத் தொழில் செய்தவர். இரவில் ஓட்டமாட்டேன் என்று சொல்லி ஹெட்லைட்டே இல்லாத திறந்த இரு இருக்கைக் கார் கேட்டார். எட்டோரேயின் மகன் ஜான் புகாட்டி அதற்கு உடல் வரைந்தான். இன்னொருவர் இங்கிலாந்துக்காரர், லிமோசின் வாங்கினார். மூன்றாமவர்தான் நம் வெள்ளைக் காரின் முதல் சொந்தக்காரர்: ஜோசஃப் ஃபுக்ஸ், ஜெர்மனியில் பிரசவம் பார்க்கும் டாக்டர். அந்தக் கால வழக்கப்படி கம்பெனி சேஸிஸும் என்ஜினும் தரும். உடலை வேறொரு பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். ஃபுக்ஸ் மியூனிக்கில் இருந்த லுட்விக் வைன்பெர்கரிடம் போய், கூரை மடக்கும் உடல் ஒன்றைக் கட்டச் சொன்னார். 1932 மே மாதம் கார் கைக்கு வந்தது. அருங்காட்சியகம் சொல்லும் ஆரம்ப விலை 43,000 டாலர். அதே காலத்தில் ஃபோர்டின் மாடல் ஏ நானூற்றுச் சொச்சம் டாலர். டாக்டர் நினைத்திருந்தால் தெரு முழுக்க ஃபோர்டு வாங்கி நிறுத்தியிருக்கலாம்.

மறு வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஃபுக்ஸ் ஜெர்மனியைவிட்டுக் கிளம்பினார். ஷாங்காய் போய், 1937 வாக்கில் நியூயார்க்கில் நிலைகொண்டார். காரும் கூடவே வந்தது. ஊரைவிட்டுப் போகிறவர் மூன்று டன் காரைக் கப்பலில் ஏற்றி இறக்கி, உலகத்தின் பாதியைச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அது பிடிவாதமா, பாசமா, அல்லது கையிலிருந்த ஒரே சொத்தா? ஆனால் நியூயார்க்கின் குளிர் ஒரு ராத்திரியில் கதையை முடித்துவிட்டது. என்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் உறைந்தது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய ஒன்பது சதவிகிதம் விரியும். இரும்பு விரியாது. பிளாக் விரிசல்விட்டது.

இதில் ஒரு தொழில்நுட்ப வில்லங்கம் இருக்கிறது. மற்ற என்ஜின்களில் சிலிண்டர் ஹெட் தனி, பிளாக் தனி. போல்ட்டைக் கழற்றினால் மேல்பாகம் கையோடு வந்துவிடும். புகாட்டி இரண்டையும் ஒரே வார்ப்பாகச் செய்தார். நடுவில் கேஸ்கெட் கிடையாது, கசிவு கிடையாது, பார்க்கவும் செதுக்கிய கல் மாதிரி இருக்கும். ஆனால் வால்வைத் தேய்த்துச் சரிசெய்வது போன்ற சில்லறை வேலைக்குக்கூட கிராங்க்ஷாஃப்ட் வரை கழற்றிப் போட வேண்டும். எழுதியவர் மட்டுமே தொடக்கூடிய மென்பொருள் உண்டல்லவா, அந்த ஜாதி. அப்படிப்பட்ட வார்ப்பில் விரிசல் விழுந்தால் மோல்ஷைமுக்கு அனுப்பலாம். அது போர்க்காலம், மோல்ஷைம் ஜெர்மானியர் கையில் இருந்தது. வேறு என்ன செய்வது? கார் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு காயலான் கடைக்குப் போனது. அமெரிக்கா முழுக்கப் பீரங்கிக்காகப் பழைய இரும்பு திரட்டிய வருடங்கள் அவை. அது உருகாமல் தப்பியதே பெரிய விஷயம்.

தப்பவைத்தவர் சார்ல்ஸ் செய்ன். ப்யூக் கார்களின் தலைமை என்ஜினியர், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் துணைத் தலைவர். இந்தக் காரின் மேல் அவருக்கு முன்பே ஒரு கண் உண்டு. காயலான் கடையில் கிடக்கிறது என்று தெரிந்ததும் வாங்கிவிட்டார். எழுபத்தைந்து டாலர் என்று ஒரு கணக்கு, நானூறு என்று இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் ஒரு மாடல் ஏ விலையைத் தாண்டவில்லை. 1947இல் வேலை முடிந்தது. ஒற்றை கார்புரேட்டரை எடுத்துவிட்டு நான்கு வைத்தார், அதற்காகப் புதிய இன்டேக் மேனிஃபோல்டும். கறுப்பு மஞ்சளுக்குப் பதில் முத்து வெள்ளை, கரும்பச்சை ஓரம், அதே பச்சையில் கூரை.

இன்றைய ரெஸ்டோரேஷன் பட்டறைக்காரர் யாரிடமாவது இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார். இன்று அந்தத் தொழிலின் வேதமே 'ஒரிஜினல்' என்ற சொல்தான். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் கம்பெனி ஏட்டோடு பொருந்த வேண்டும். அடியில் ஒளிந்திருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து அதே சாயலில் கலக்க வேண்டும். போல்ட்டின் தலைகூட அந்த வருடத்து அச்சில் இருக்க வேண்டும். காரணம் வரலாற்றுப் பற்று மட்டும் என்று நான் நம்பவில்லை. காரணம் விலை. இந்தக் குடும்பத்தின் இன்னொரு ராயலையே பாருங்கள். அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் 1950இல் புகாட்டி குடும்பத்திடமிருந்து இரண்டு ராயல்களை வாங்கினார். பணம் கொஞ்சம், கூடவே புது ஃப்ரிட்ஜும் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அவற்றில் கெல்னர் உடல் கட்டிய கார் 1987இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. போன விலை 55 லட்சம் பவுண்டு. அவ்வளவு பணம் புரளும் இடத்தில், வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி 'இது அதேதானா?' என்பதாகத்தான் இருக்கும். ஒரிஜினல் என்ற சொல் அங்கே ஒரு பத்திரம் மாதிரி, வில்லங்கம் இல்லை என்று காட்டுவதற்கு.

செய்னுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் விற்க நினைக்கவில்லை, ஓட்ட நினைத்தார். 1947இல் ராயல் என்பது பதினைந்து வருடப் பழைய செகண்ட்ஹேண்ட் கார், அவ்வளவுதான். ஒரு என்ஜினியர் தன் கைக்கு வந்த இயந்திரத்தில் குறை கண்டால் திருத்துவார். அதில் அவமரியாதை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால், எட்டோரேயே வேறொருவர் காரை வாங்கியிருந்தால் இதைத்தான் செய்திருப்பார்.

ஒரிஜினலைத் தேடிப் போவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எஸ்டெர்ஸின் கார் சாட்சி. ஹெட்லைட் இல்லாத அந்தத் திறந்த உடல் சில வருடங்களில் கழற்றப்பட்டது. அதே சேஸிஸில் பின்னால் வந்தவர் பாரிஸின் பைண்டர் பட்டறையில் மூடிய உடல் கட்டிக்கொண்டார். ஜான் புகாட்டி வரைந்த உடல் காணாமலே போனது. பிறகு பிரான்ஸின் முலூஸ் அருங்காட்சியகத்தில், ஷ்லும்ப் சகோதரர்கள் திரட்டிய உதிரிபாகங்களையும் பயன்படுத்தி அந்தத் திறந்த காரை மறுபடி செய்து நிறுத்தினார்கள். பிரமாதமாக இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் எஸ்டெர்ஸ் அதில் உட்கார்ந்ததில்லை. அவர் உட்கார்ந்த சேஸிஸ் இன்று வேறு உடலோடு ஃபோக்ஸ்வாகன் வசம் இருக்கிறது. இரண்டில் எது எஸ்டெர்ஸ் ராயல்? முலூஸில் நிற்பதற்கு உருவம் இருக்கிறது, மற்றதற்கு எண் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கோடியும் உண்டு. 1925ஆம் வருடத்துப் புகாட்டி பிரெஸ்சியா ஒன்று, திறந்த சின்னக் கார், இத்தாலிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் நடுவிலுள்ள மஜோரே ஏரியில் எழுபது வருடத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தது. 2009இல் மேலே தூக்கினார்கள். ஒரு பக்கம் முழுக்க அரித்து வலையாகிவிட்டது. 2010இல் பாரிஸில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. தாக்கப்பட்டு இறந்த ஓர் இளைஞரின் நினைவாக அமைந்த அறக்கட்டளைக்காக விற்றார்கள். வாங்கிய கலிஃபோர்னியாவின் முல்லின் அருங்காட்சியகம் பட்டி பார்க்கவில்லை, டிங்கர் வேலை செய்யவில்லை. துருவைத் துருவாகவே காட்சிக்கு வைத்தது.

செய்னிடம் வருகிறேன். 1957இல் அவரும் மனைவி எஸ்தரும் அந்த வெள்ளைக் காரை ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். விலைக்கு அல்ல, அன்பளிப்பாக. ஜெனரல் மோட்டார்ஸின் துணைத் தலைவர், போட்டியாளர் ஹென்றி ஃபோர்ட் உருவாக்கிய அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரெஞ்சுக் காரைக் கொடுத்தார் என்பதே தனி வேடிக்கை. 1985இல் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் ஆறு ராயல்களும் முதல்முறையாக ஒன்று சேர்ந்தபோது இதுவும் போய் நின்றது, வெள்ளையாகவே.

சந்தைக்கு வந்திருந்தால் அந்த வெள்ளை தங்கியிருக்காது என்பது என் கணிப்பு. ஏலத்துக்கு முன்பே யாராவது சுரண்டிக் கறுப்பு மஞ்சளைத் தேடியிருப்பார்கள். நான்கு கார்புரேட்டரும் ஒன்றாகியிருக்கும். அப்படிச் செய்தால் பிரசவ டாக்டரின் கார் நமக்குக் கிடைக்கும், காயலான் கடையிலிருந்து வந்த கார் போய்விடும். கறுப்பு மஞ்சள் இருந்தது பதினைந்து வருடம். வெள்ளை அடித்து எண்பது வருடம் ஆகப்போகிறது.