ஆட்டுத்தொட்டியும் பிப்பெட் முனையும்: தோற்புரதத் தூய்மையாக்கத்தின் சென்னைத் தொடர்புகள்

ஆய்வுச் சுருக்கம்

பெப்டைடு மாதிரிகளைத் தூய்மையாக்கும் திண்மநிலைப் பிரித்தெடுப்பு முனைகளின் வரலாறு பொதுவாகக் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவ்வரலாற்றை மூலப்பொருளின் பக்கமிருந்து, அதாவது தோல், தோலின் புரதமாகிய கொலாஜன், அதனைக் கையாண்ட சென்னையின் தொழிலிடங்கள் ஆகியவற்றின் பக்கமிருந்து வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புளியந்தோப்பு, தோல் பதனிடுதல், கொலாஜன், பெப்டைடு, பிப்பெட் முனை, நிறைநிறமாலை

புளியந்தோப்பும் தோலும்

புளியந்தோப்பு என்னும் பெயர் தமிழக வரலாற்றெழுத்தில் பெரும்பாலும் 1921ஆம் ஆண்டோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம், அதனையொட்டிச் சேரி மக்களுக்கும் வேலைநிறுத்தம் செய்தோருக்கும் இடையே எழுந்த மோதல், எரிக்கப்பட்ட குடிசைகள் ஆகியவை பற்றிப் போதிய ஆய்வுகள் உள்ளன. அதே பகுதியின் மற்றொரு தொழிலிடமான மாநகராட்சி இறைச்சிக்கூடம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஊரார் அதனை ஆட்டுத்தொட்டி என்பர். நகரத்தின் இறைச்சித் தேவையோடு மட்டும் அதன் பணி முடிவதில்லை. உரிக்கப்பட்ட தோல் உப்பிடப்பட்டுப் பெரியமேட்டின் மண்டிகளுக்குப் போகும். அங்கிருந்து பதனிடும் இடங்களுக்குப் போகும்.

உப்பு இங்குக் கருதத்தக்கது. உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும் வெப்பநாட்டில், அதனைக் காப்பது உப்பு. ஆனால் பதனிடுவோர் முதலில் செய்வது அவ்வுப்பைக் கழுவி நீக்குவதுதான். அதன்பின் சுண்ணாம்புக் குழி, மயிர் நீக்கல், ஆவாரம்பட்டை ஊறல், இறுதியில் கடுக்காய் என அமைந்தது தென்னிந்திய மரபுமுறை. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலை அறிமுகப்படுத்தினார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அத்தொழிலின் எச்சம்.

இம்முறைகள் அனைத்தும் ஒரே புரதத்தின்மீது இயங்குபவை. தோலின் நார்ப்பொருள் கொலாஜன். ஆவாரம்பட்டையின் தானின்கள் அதன் இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொள்கின்றன. குரோமியமோ அமிலப் பக்கக்குழுக்களோடு பிணைந்து இழைகளை ஒன்றோடொன்று கட்டுகிறது. இது தெரியாமலே கைகள் பல தலைமுறைகளாக அதைச் செய்துவந்தன. தொழிலறிவு வேதியியலுக்கு முந்தியது என்று சொல்வது எளிது. ஆனால் அவ்வறிவுக்கு உரியோர் தீட்டுக்குரியோராக ஒதுக்கப்பட்டனர் என்பதையும் அதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிண்டியின் இருபுறமும்

1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் அதற்கு அருகிலேயே இருந்தது. 1952இல் அங்கு இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீர்க்கப்படாத சிக்கல் என்று எடுத்துரைத்தார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாண் உள்ளிட்ட மாதிரிகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து உருவாக்கிய மூவிழைச் சுருள் மாதிரி, 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதனைத் திருத்தி, மூன்று சுருள்களும் மீண்டும் ஒன்றையொன்று சுற்றும் வடிவத்தை முன்வைத்தனர். அவ்வாண்டே அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் தம் மாதிரியை வெளியிட்டனர். ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்திற்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றா இரண்டா என்ற விவாதம் நீண்டது. விவாதத்தின் முடிவைவிட அதன் பக்கவிளைவு பெரிது: அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியிலிருந்தே ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிடப்பட்ட ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது.

இவ்வரலாறு பலரும் அறிந்தது. குறைவாகப் பேசப்படுவது மாதிரியின் தூய்மை. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற பகுப்பாய்வு முடிவு இல்லையேல், மூன்றாவது இடந்தோறும் கிளைசின் சுருளின் நடுவே அமரும் என்ற கருத்து எழுந்திராது. அப்பகுப்பாய்வுக்குப் பிற புரதங்கள் கலவாத கொலாஜன் தேவை. அக்கால முறையில் திசுவை உப்புக்கரைசலால் கழுவி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, உப்புச் சேர்த்து வீழ்படிவாக்கி, மீண்டும் கரைத்து, அவ்வுப்பை நீக்கச் சவ்வுப்பைகளில் இட்டு நாட்கணக்கில் நீர் மாற்ற வேண்டும். 1960 நவம்பரில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொலாஜன் குறித்த கருத்தரங்கு நடைபெற்றது. அதன் கட்டுரைகள் என். ராமநாதனின் பதிப்பில் 1962இல் நூலாயின. தோலுக்கென அமைந்த நிறுவனம் அடிப்படைப் புரத ஆய்வின் கூடமாகவும் திகழ்ந்ததற்கு அந்நூல் சான்று.

முனைக்குள் ஒரு துளி

நாட்கணக்கில் நடந்த அவ்வுப்பு நீக்கம் சில நிமிடங்களுக்குச் சுருங்கியதே திண்மநிலைப் பிரித்தெடுப்பின் சாதனை. 1978இல் வாட்டர்ஸ் நிறுவனத்தின் செப்-பாக் குப்பிகள் சந்தைக்கு வந்தன. சிலிக்கா மணிகளின்மேல் 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள் பொருத்தப்பட்டிருக்கும். நீரை விரும்பாப் பகுதிகளையுடைய பெப்டைடுகள் அச்சங்கிலிகளில் ஒட்டும். உப்புகள் ஒட்டாமல் வழிந்தோடும். பின்னர் அசிட்டோநைட்ரைல் கலந்த கரைசலை விட்டால் பெப்டைடுகள் இறங்கிவரும்.

இதே தத்துவத்தைப் பிப்பெட்டின் நெகிழி முனைக்குள் அடக்கும் தேவை 1990களில் எழுந்தது. மார்பர்க்கில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் 1957இல் காப்புரிமை கோரிய அழுத்துவிசைப் பிப்பெட் அதற்குள் எல்லா ஆய்வகங்களிலும் இருந்தது. மறுபுறம், மால்டி வகை நிறைநிறமாலைமானிகள் மிக நுண்ணிய அளவிலான பெப்டைடுகளையும் காணவல்லவையாயின. ஆனால் சிறிதளவு சோடியமோ பொட்டாசியமோ இருந்தால் ஒரே பெப்டைடு பல முகடுகளாகச் சிதறும், குறிகை மங்கும். மாதிரியோ சில மைக்ரோலிட்டர்தான். பெரிய குப்பியில் இட்டால் அது சுவர்களிலேயே தொலைந்துவிடும்.

டென்மார்க்கின் ஓடன்ஸே ஆய்வாளர்கள் மெல்லிய முனையின் நுனியை நசுக்கி, அதற்குள் மணிகளைத் தாமே நிரப்பும் முறையை 1999இல் வெளியிட்டனர். மில்லிபோர் நிறுவனத்தின் ஜிப்டிப் ஆயத்த நிலையில் விற்பனைக்கு வந்தது: 10 மைக்ரோலிட்டர் முனையின் அடியில் 0.6 மைக்ரோலிட்டர் படுகை, ஏறத்தாழ 5 மைக்ரோகிராம் பெப்டைடை ஏற்கும் கொள்ளளவு. 2003இல் ராப்சில்பர், இஷிஹாமா, மான் ஆகியோர் ஸ்டேஜ்டிப் முறையை விவரித்தனர். மழுங்கிய ஊசியால் எம்போர் வட்டிலிலிருந்து சிறு துண்டை வெட்டி முனைக்குள் செருகுவதே அதன் செய்ம்முறை. விலையுயர்ந்த ஆயத்தப் பொருளைக் கைவினையால் ஈடுசெய்த அம்முறை, நிதி குறைந்த ஆய்வகங்களுக்குப் பெரும் உதவி. அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

செய்ம்முறை சுருக்கமானது. முனையை அசிட்டோநைட்ரைலால் நனைத்து, 0.1 விழுக்காடு டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலத்தால் நிலைப்படுத்தி, மாதிரியைப் பத்து முறையேனும் உறிஞ்சி வெளிவிட்டு, அவ்வமிலத்தாலேயே கழுவி, இறுதியில் பாதியளவு அசிட்டோநைட்ரைல் கொண்ட கரைசலில் இறக்க வேண்டும். இடையில் படுகை உலரக்கூடாது, காற்றுக்குமிழி புகக்கூடாது. கட்டைவிரலின் நிதானத்தைப் பொறுத்தே விளைவு அமையும்.

மீண்டும் தோலுக்கு

இம்முனை தோலை வந்தடைந்த வழி தொல்லியல். யார்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் பக்லி, மேத்யூ காலின்ஸ் முதலியோர் எலும்புக் கொலாஜனின் பெப்டைடு நிறைகளைக் கொண்டு விலங்கினத்தை இனங்காணும் முறையை 2009இல் வெளியிட்டனர். மாதிரியைக் கார உப்புக் கரைசலில் 65 பாகை செல்சியசில் வைத்து, டிரிப்சினால் வெட்டி, முனையால் தூய்மையாக்கி, நிறைநிறமாலைமானியில் இடுவர்.

இங்கு டிரிப்சின் தனியே நோக்கத்தக்கது. பதனிடுமுன் தோலை மென்மையாக்க ஐரோப்பியத் தொழிற்கூடங்கள் நாய்க்கழிவையும் புறா எச்சத்தையும் பயன்படுத்தின. அவற்றுக்கு மாற்றாக, கணையத்திலிருந்து பெற்ற நொதிகளை 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் சந்தைப்படுத்தினார். டிரிப்சின் அந்நொதிகளுள் ஒன்று. மூவிழைச் சுருள் குலையாத கொலாஜனை டிரிப்சின் எளிதில் வெட்டாது. ஆகவே பதனிடும் கூடத்தில் அது பிற புரதங்களை மட்டும் நீக்கித் தோலை விட்டுவிடும். ஆய்வகத்திலோ சூடாக்கிச் சுருளை அவிழ்த்தபின்பே அது கொலாஜனை வெட்டுகிறது. ராமச்சந்திரன் கண்ட அமைப்பே இவ்விரு பயன்பாடுகளையும் விளக்குகிறது. அந்நொதியின் மூலமும் இறைச்சிக்கூடத்துக் கணையமே.

தமிழில் ‘ஆடு’ என்ற ஒரு சொல் வெள்ளாட்டையும் செம்மறியையும் தழுவும். உடைந்த எலும்புகளில் இவ்விரண்டையும் பிரித்தறிவது விலங்கியலாருக்கும் கடினம். நிறைநிறமாலையில் ஒரு பெப்டைடு செம்மறியில் 3033 நிறையிலும் வெள்ளாட்டில் 3093 நிறையிலும் தோன்றும். இந்த 60 அலகு வேறுபாடு மேய்ச்சல், உணவு, தோல் வணிகம் பற்றிய பல கேள்விகளுக்கு வழிதிறக்கும். கீழடியிலிருந்து டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட 70 எலும்பு மாதிரிகளுள் 53 விழுக்காடு மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றைச் சார்ந்தவை எனத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அத்தகைய தொகுதிகளுக்கு இம்முறை துணையாகலாம். ஆனால் வெப்பநாட்டு மண்ணில் கொலாஜன் விரைவில் சிதையும். வட ஐரோப்பிய முடிவுகளை வைத்து இங்கும் வெற்றி உறுதி என்று எழுதுவது பொருந்தாது.

மண்ணுக்குள் புதையாத பொருள்களே தமிழ்ச்சூழலில் நம்பிக்கை அளிப்பவை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 13ஆம் நூற்றாண்டுக் கையடக்க விவிலியங்களின் தோலேடுகளை அழிப்பானால் தேய்த்து, அத்துகள்களிலிருந்தே விலங்கினம் கண்டறியப்பட்டது. நம்மிடம் தோலேட்டுச் சுவடிகள் அரிது, தோற்கருவிகள் ஏராளம். பறையும் முரசும் பதனிடாத தோலால் போர்த்தப்படுபவை. ஆகவே தானினோ குரோமியமோ குறுக்கே நில்லாமல் கொலாஜன் கிட்டும். மிருதங்கத்தில் பசு, வெள்ளாடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் சேரும். அதைச் செய்வோரின் உழைப்பையும், அவ்வுழைப்பைக் கண்டும் காணாதிருந்த இசையுலகையும் டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020) விரிவாகப் பேசியது.

அருங்காட்சியகப் பட்டியல்களில் இக்கருவிகளுக்கு ‘மரம், தோல்’ என்ற குறிப்போடு நிறுத்திக்கொள்வது எளிய வழக்கம். எவ்விலங்கின் தோல் என்ற விவரம் சேர்ந்தால், அத்தோல் எங்கிருந்து, எவர் கைவழி வந்தது என்ற அடுத்த கேள்வி தவிர்க்க இயலாததாகும். அழிப்பானால் தேய்ப்பது கருவியின் நாதத்தைக் கெடுக்காது. ஆனால் கரணையிட்ட பகுதியைத் தொடலாகாது; சோற்றுப் பசையும் கிட்டக்கல் பொடியும் மாதிரியில் கலந்துவிடும். போர்வையின் ஓரம், வார் ஆகியவை ஏற்ற இடங்கள். சிறிய, நீரை விரும்பும் பெப்டைடுகள் முனையில் ஒட்டாமல் கழுவுநீரோடு போய்விடுவதால், முதற் கழுவுநீரையும் தனிக்குழாயில் சேமித்து ஆராய்வது நன்று.