காசு கட்டிச் சுடுவதா? புதுச்சேரியிலிருந்து ஒரு குறிப்பு

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளுக்குச் சந்தா கேட்டபோது ஆட்டக்காரர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். அதில் நம்ம ஊர் எங்கே வருகிறது என்பதுதான் இந்தப் பதிவு.

மைக்ரோசாஃப்ட் 2002 நவம்பரில் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் லைவைத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 50 டாலர். டிஸ்க் வாங்கியாச்சு, நெட் பில்லும் கட்டியாச்சு, அப்புறம் எதுக்கு இன்னொரு காசு என்ற கேள்வி அன்றிலிருந்தே இருக்கிறது. 2011-ல் ஆக்டிவிஷன் நிறுவனம் 'கால் ஆஃப் டூட்டி எலைட்' என்ற சந்தா சேவையை அறிவித்ததும், இனி ஆடுவதற்கே மாதக் காசா என்று பயம் கிளம்பியது. பலர் சேர்ந்து ஆடுவது இலவசம்தான் என்று நிறுவனம் விளக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே எலைட்டும் இலவசமானது, 2014-ல் மூடப்பட்டது. 2021 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸ் லைவ் கட்டணத்தை உயர்த்துவதாக அறிவித்த மைக்ரோசாஃப்ட், எதிர்ப்பைப் பார்த்து அன்றைக்கே பின்வாங்கியது.

புதுச்சேரியில் இந்தச் சண்டை நடக்கவே இல்லை. காரணம் எளிது. இங்கே பசங்க கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியது நெட் சென்டரில். லேன் கேபிளில் இணைத்த கணினிகளுக்குள்ளேயே ஆட்டம் முடிந்துவிடும். கம்பெனியின் சர்வர் தேவையில்லை. அதனால் சந்தா கேட்கவும் ஆள் இல்லை. காசு கொடுத்து வாங்கிய காப்பியும் அபூர்வம்தான். ஆனால் ஓசியில் ஆடினோம் என்று சொல்ல முடியாது. மணிக்கணக்கு பார்த்து சென்டர் அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தோம். சொல்தா வீடுகளில், பிரான்சிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த பெட்டி இருக்கும். ஆனால் ஆன்லைன் சந்தா கட்ட கிரெடிட் கார்டு வேண்டுமே, பத்தாவது படிக்கிற பையனிடம் அது ஏது?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது. ஆட்டம் இலவசம், உடைக்கும் துப்பாக்கியின் நிறத்துக்கும் 'ராயல் பாஸு'க்கும் மட்டும் காசு. சந்தாவை எதிர்த்திருக்கக்கூடிய அதே பசங்க இதை விரும்பிக் கட்டினார்கள். கட்டாயம் இல்லை என்பதால் யாருக்கும் கோபம் வரவில்லை.

கோபம் 2020-ல் வந்தது. செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அக்டோபர் 30-ல் பப்ஜி சர்வர் இந்தியாவுக்கு நின்றது. காசு கொடுத்து வாங்கியதெல்லாம் எட்டாமல் போனது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. இம்முறை 18 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு 3 மணி நேரம்தான்.

சென்டரில் ஒரு மணிக்குக் கொடுத்தால் ஒரு மணி ஆடினோம். கணக்கு அங்கேயே தீர்ந்தது, காசும் ஊரிலேயே நின்றது. சந்தாவை எதிர்த்தவர்களின் அச்சமும் தொகையைப் பற்றி மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆட்டத்தின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறதே என்பதுதான் அது. அந்தச் சாவி இலவச ஆட்டத்திலும் நம்மிடம் இல்லை என்பதை 2020 காட்டியது.

தடை உத்தரவுகளுக்கு ஆவணம் இருக்கிறது. நெட் சென்டர்களுக்கு இல்லை. மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கம் சென்டர் நடத்தியவர்கள் வீட்டில் பழைய கணக்கு நோட்டு இருந்தால், எடைக்குப் போடாமல் வையுங்கள். ஒருநாள் வந்து பார்க்கிறேன்.